ஆதாயத்தின் வழி வந்த நன்மை

ஒருவன் தன் ஆதாயத்தை நாடி ஒரு காரியம் செய்கிறான். அக்காரியத்தால் பிறர்க்கு நன்மை விளைகிறது. அவனுக்கு நாம் நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோமா? அவன் செய்ததை அறம் என்று போற்றலாமா? அன்றி, வெறும் வியாபாரம் என்று தள்ளிவிடலாமா? இக்கேள்வி புதிதன்று. ஊருணி வெட்டிய செல்வன் புகழுக்காக வெட்டினானா, இரக்கத்தால் வெட்டினானா என்ற வாதம் நம் ஊர்த் திண்ணைகளில் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. தண்ணீர் குடிக்கிறவனுக்கு இவ்வாதத்தால் தாகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்று கூறித் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறவர்களும் உண்டு. ஆனால் இந்நாட்டுத் தமிழர்களாகிய நமக்கு இது திண்ணையோடு நின்றுவிடக்கூடிய வாதமாக இல்லை. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் உயிர் பிழைத்ததும், பிழையாமற் போனதும் இக்கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. ஆதலின் இதனைச் சர் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியரின் வாழ்க்கையை முன்னிட்டு ஆராய விரும்புகிறோம்.

மலேரியாவின் கதை பினாங்கில் ஆங்கிலேயர் கால் வைத்த நாளோடு பிணைந்தது. 1786ல் இத்தீவைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட் துரை 1794ல் மலேரியாக் காய்ச்சலாலேயே மாண்டார். காட்டை வெட்டச் சொன்னவருக்கே அக்கதி நேர்ந்ததென்றால், வெட்டிய கைகளுக்குரியவர்களின் கதியைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. துரைக்குக் கல்லறை உண்டு. அதில் பெயரும் உண்டு. மற்றவர்கள் மண்ணோடு மண்ணாயினர்.

கெலுகோர்க் கரையில் நின்று தெற்கே நோக்கினால் ஜெரெஜாக் தீவு தெரியும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அத்தீவில் இறக்கப்பட்டு, தொத்து நோய் உண்டா என்று சோதிக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அம்மை உண்டா, காலரா உண்டா என்று பார்த்தார்கள். அவர்கள் கொண்டு வரக்கூடிய நோயைப் பற்றியே சர்க்காருக்கு அச்சம் இருந்தது. அவர்களுக்காக இக்கரையில் காத்திருந்த நோயைப் பற்றி அக்கறைப்பட்டவர் அந்நாளில் மிகச் சிலர். சோதனையில் தேறி, திடகாத்திரர் என்று எழுதப்பட்டுத் தோட்டத்துக்குப் போனவர்கள், சில மாதங்களுக்குள் லயத்துத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். பலர் அந்நடுக்கத்திலிருந்து எழவில்லை.

நோய்க்கு மருந்து அப்போதே இல்லாமலில்லை. சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுக்கும் வித்தையைப் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானிகளான பெல்லெத்தியேரும் காவந்துவும் 1820லேயே கண்டறிந்துவிட்டார்கள். நம் நீலகிரியிலும் 1860 முதலாகச் சிங்கோனா பயிரிடப்பட்டது. நோய் எவ்வாறு பரவுகிறது என்பதையும் ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டு 20ந் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்து அறிந்தார்; அதனால் 1902ல் நோபல் பரிசும் பெற்றார். ஆங்கிலப் பள்ளியில் வாசித்த எம்மனோர்க்கு ராஸ் துரையின் பெயர் மனப்பாடம். ஆனால், கொசுவே காரணம் என்று அறிந்த மாத்திரத்தில் ஒரு கூலியும் பிழைத்துவிடவில்லை. அறிவு ஏட்டில் இருக்கும்போது அது விளக்கில் ஊற்றாத எண்ணெய்க்கு ஒப்பானது. ஊற்றித் திரியைப் பற்ற வைக்க ஒருவர் வேண்டும். மலாயாவில் அவ்வேலையைச் செய்தவர் வாட்சன்.

அவர் 1873ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1900ல் மலாயாச் சர்க்காரின் வைத்திய இலாகாவில் சேர்ந்தவர். 1901ல் கிள்ளானுக்கு மாவட்ட வைத்தியராக வந்தவர். அவர் வந்த ஆண்டிலேதான் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அப்போது பெயரிடப்பட்ட துறைமுகம் திறக்கப்பட்டது. சதுப்பைக் கிளறி எழுப்பிய அத்துறைமுகத்தில் திறந்த சில வாரங்களுக்குள்ளாகவே காய்ச்சல் கண்டது. கூலியாட்களும் உத்தியோகஸ்தர்களும் வேற்றுமையின்றிப் படுத்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று மேலிடத்தில் யோசனை நடந்தது. வாட்சன் முதலியோர், கொசு முட்டையிடும் சதுப்பை வடித்து, பள்ளங்களைத் தூர்த்து, சுற்றியுள்ள காட்டை அழிக்குமாறு கூறினார்கள். அவ்வாறே செய்யப்பட்டது. கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் அடுத்த ஆண்டே காய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ராஸின் கண்டுபிடிப்பை நம்பி ஒரு சர்க்கார் செய்த வேலைகளில் உலகம் கண்ட முதல் வெற்றிகளுள் இதுவும் ஒன்று.

பிறகு ரப்பரின் காலம் வந்தது. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரம் ஆயிரமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். வாட்சன் சர்க்கார் வேலையை விட்டுப் பல தோட்டங்களுக்கு வைத்தியரானார். தோட்டம் தோட்டமாகச் சென்று லயத்துக் குழந்தைகளை நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். மலேரியா ஓயாமல் தாக்கிய உடம்பில் மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் இருக்கிறதோ, அத்தொகையே அத்தோட்டத்தின் நோய்க்கு அளவுகோல். பெரியவர்கள் இன்றிருப்பார்கள், நாளை வேறு தோட்டத்துக்குப் போவார்கள். குழந்தையோ அந்த மண்ணிலேயே வளர்ந்தது. ஆகவே அதன் உடம்பு பொய் சொல்லாது.

கரையோரத்துச் சமநிலத் தோட்டங்களில், லயத்தைச் சுற்றி அரை மைல் தூரத்துக்குக் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்தால் நோய் போய்விடுகிறது என்று அவர் கண்டார். நிழலும் தேங்கிய நீரும் விரும்பும் ஒரு வகைக் கொசு அங்கே நோயைப் பரப்பி வந்தது. ஆனால் அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது நோய் குறையவில்லை, பெருகியது. ஏன்? மலை ஓடைகளில் வாழ்ந்தது வேறொரு கொசு. அது வெயிலையும் ஓடும் தெளிநீரையும் விரும்புவது. காட்டை வெட்டிய மாத்திரத்தில் ஓடையில் வெயில் விழுந்தது, கொசுவுக்குக் கொண்டாட்டமாயிற்று. ஓரிடத்தில் உயிர் காத்த முறையே மற்றோரிடத்தில் உயிரை வாங்கியது. வாட்சன் இதனை மறைக்கவில்லை. தோல்வியையும் எண்களோடு எழுதி வெளியிட்டார். பின்னர் மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடை நீரை வெயில் படாமல் கொண்டு போகும் வழியையும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் வழியையும் கைக்கொண்டு, மலைத்தோட்டங்களிலும் நோயைக் கட்டினார். 1911ல் இவற்றையெல்லாம் நூலாக எழுதினார். 1924ல் சர் பட்டம் பெற்றார். 1928ல் மலாயாவை விட்டு இலண்டன் சென்று, ராஸின் பெயரால் அமைந்த வைத்திய நிலையத்தில் இவ்வேலையையே தொடர்ந்தார். 1955ல் காலமானார். கொயினா உடம்புக்குச் செய்யும் வைத்தியம் என்றால், வாட்சன் செய்தது நிலத்துக்குச் செய்த வைத்தியம் எனலாம்.

நிற்க. இவ்வேலைகளுக்கெல்லாம் பணம் கொடுத்தவர் யார்? தோட்ட முதலாளிகள். ஏன் கொடுத்தார்கள்? இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது.

ஓர் ஆளைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரக் கப்பற் செலவு உண்டு, கங்காணிக்குக் கொடுக்கும் தொகை உண்டு, முன்பணம் உண்டு. 1907ல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்கு ஒவ்வொரு முதலாளியும் தம் தோட்டத்து ஆட்கள் உழைத்த நாட்களைக் கணக்கிட்டு வரி செலுத்த வேண்டியும் இருந்தது. இவ்வளவும் செலவிட்டு வந்த ஆள் ஆறாம் மாதம் இறந்துவிட்டால் போட்ட முதல் போய்விடுகிறது. இறவாமல் நோயில் கிடந்தாலோ பால் மரம் வெட்டாமல் நிற்கிறது. ஒரு தோட்டத்தில் சாவு அதிகம் என்ற செய்தி தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் எட்டிவிட்டால் அத்தோட்டத்துக்கு ஆளே கிடைக்காது. ஆகவே, ஆளைச் சாகவிட்டு மறு ஆளைக் கொண்டுவருவதைக் காட்டிலும் குழாய் பதிப்பது மலிவு என்று கணக்குக் காட்டியது. வாட்சனும் முதலாளிகளிடம் பேசும்போது இக்கணக்கின் பாஷையிலேயே பேசினார். இரக்கத்தைப் பற்றிப் பேசியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டவுடன் நம்மவர்கள் இரு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சியார், "துரைமார்கள் இல்லாவிட்டால் நாமெல்லாம் எங்கே? ஆஸ்பத்திரி கட்டினார்கள், காய்ச்சலை ஒழித்தார்கள், நன்றி மறக்கலாமா?" என்பார்கள். மற்றொரு கட்சியார், "உழவு மாட்டுக்குப் புல் போடுகிறவன் மாட்டின்மேல் கொண்ட அன்பினாலா போடுகிறான்? இதற்கு நன்றி வேறா?" என்பார்கள். இரு கட்சியிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் எதுவும் முழு உண்மை ஆகாது என்பது நம் கருத்து.

முதலில் இரண்டாம் கட்சியாருக்கு விடை கூறுவோம். நோக்கம் தூய்மையில்லை என்பதால் விளைந்த நன்மை நன்மையில்லாமற் போய்விடாது. காய்ச்சலின்றி வளர்ந்த குழந்தை காய்ச்சலின்றி வளர்ந்ததுதான். அக்குழந்தை பெரியவளாகி, பிள்ளை பெற்று, பேரன் கண்டு வாழ்ந்தாள். அப்பேரன்களாகிய நாமே இப்போது உட்கார்ந்து, ஓடைக்குள் குழாய் பதித்தவனின் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று விசாரணை செய்கிறோம். அவ்விசாரணைக்கு வேண்டிய மூச்சையே அந்தக் குழாய்தான் நமக்குக் கொடுத்தது. இதை மறுப்பது நேர்மையாகாது. உலகில் தூய நெஞ்சோடு செய்த காரியங்களை மட்டுமே ஏற்பேன் என்று ஒருவன் விரதம் பூண்டால், அவன் உண்ணவும் உடுக்கவும் வழியின்றித் தெருவில் நிற்க வேண்டியதுதான். நமக்கு அரிசி விற்கிறவர் நம் பசியைக் கண்டு உருகி விற்கவில்லை.

இனி முதற் கட்சியாருக்கு வருவோம். அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே: அந்த நன்மை எங்கே போய் நின்றது? ஒருவன் எதற்காகச் செய்தான் என்பதை அவன் செய்த இடத்தில் காண்பது அரிது. அவன் செய்வதை நிறுத்திய இடத்தில் அது தானே விளங்கும்.

அரை மைல் வட்டத்தை எண்ணிப் பாருங்கள். வட்டத்துக்குள்ளே லயம் இருந்தது. ஆகவே அங்கே கொசு ஒழிந்தது. வட்டத்துக்கு வெளியே இருந்த மலாய்க் கம்பத்தாருக்கும், சிறு நிலம் வைத்துப் பிழைத்தவர்களுக்கும் அவ்வேலைகள் நெடுங்காலம் எட்டவில்லை. அவர்கள் எந்தத் தோட்டத்தின் செலவுக் கணக்கிலும் இல்லாதவர்கள். நாட்டு மக்கள் அனைவரையும் கருதி மேற்கு மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது 1967ல்தான். வாட்சன் கிள்ளானில் வழி காட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அவ்வளவு காலமும் வழி தெரியாமல் இல்லை.

1930ல் ரப்பர் விலை விழுந்ததை எண்ணிப் பாருங்கள். கொசுவிடமிருந்து காத்து வளர்த்த அதே ஆட்களை என்ன செய்தார்கள்? மூன்றாண்டுகளுக்குள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களுக்கு நிலம் உண்டா, வேலை உண்டா என்று கேட்பாரில்லை. காய்ச்சலில் சாவது முதலாளிக்கு நஷ்டம். ஆகவே அது தடுக்கப்பட்டது. பஞ்சத்தில் சாவது வேறொரு கரையில் நடப்பது; அதற்கு இக்கரைக் கணக்கில் பத்தி கிடையாது.

இவற்றினும் கொடிய சாட்சி ஒன்று உண்டு. 1942 மார்ச்சில் ஜப்பானியர் சாவகத் தீவைப் பிடித்தார்கள். உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அத்தீவின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்தே வந்து கொண்டிருந்தது. அஃதாவது, மலேரியாவுக்கு மருந்து என்று அந்நாளில் உலகம் அறிந்த பொருள் ஏறக்குறைய முழுவதும் அவர்கள் கைக்குள் வந்துவிட்டது. அதே ஆண்டிலும் மறு ஆண்டிலும், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடுவதற்காக மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். காட்டிலே மலேரியாவும் காலராவும் வயிற்றுப்போக்கும் அவர்களைப் பல்லாயிரமாக வாரிக்கொண்டு போயின. மருந்து உலகில் இருந்தது. அதுவும் அவர்களை வேலை வாங்கியவர்களிடமே இருந்தது. ஆனால் அவர்களை இழுத்துச் செல்லச் செலவு பெரிதாக ஆகவில்லை. செத்தால் இன்னொருவனைப் பிடித்து வரலாம். ஆளுக்கு விலை இல்லாதபோது ஆளின் உடல்நலத்துக்கும் விலை இல்லாமற் போயிற்று. இங்கே தோட்டங்களிலோ எண்ணெய் தெளிப்பாரின்றி, வாய்க்கால் வாருவாரின்றி, ஒழிந்த கொசு மீண்டும் வந்து குடியேறியது.

ஆகவே, ஆதாயத்தின் வழி வந்த நன்மைக்கு நாம் நன்றி கூறலாம். அதனை நம்பித் தூங்கிவிடலாகாது. நன்றி என்பது கிடைத்த பயனைக் கருதிச் செலுத்துவது. நம்பிக்கை என்பது நாளைக்கும் கிடைக்குமா என்பதைக் கருதி வைப்பது. நாளைக்குக் கிடைக்குமா என்பதோ கொடுப்பவனின் நோக்கத்தைப் பொறுத்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே முன்சொன்ன இரு கட்சியாரின் குழப்பத்துக்கும் மூலம். ஒருவர் நன்றி கூற வேண்டிய இடத்தில் நம்பிக்கையும் வைத்துவிடுகிறார். மற்றொருவர் நம்பிக்கை வைக்க முடியாததால் நன்றியையும் மறுத்துவிடுகிறார்.

"முதலாளியின் நோக்கம் அப்படியென்றால், வைத்தியரின் நோக்கமும் அப்படித்தானா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விடை காண மற்றொரு விஞ்ஞானியின் வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம்.

சீன நாட்டில் தூ யூயூ என்னும் அம்மையார் 1930ல் நிங்போ நகரில் பிறந்தார். கொயினாவுக்குப் பின் மலேரியாவுக்குக் கிடைத்த மருந்துகளில் தலையாய ஆர்ட்டிமிசினின் அவர் கண்டறிந்தது. அவ்வாராய்ச்சியைத் தொடங்கிய சர்க்காரின் நோக்கம் என்ன? யுத்தம். வியட்நாம் காடுகளில் படைவீரர்கள் குண்டுக்குப் பலியாவதைப் போலவே காய்ச்சலுக்கும் பலியானார்கள். அதைத் தடுக்க 1967 மே 23ந் தேதி ஓர் இரகசியத் திட்டம் வகுக்கப்பட்டது. அத்தேதியைக் கொண்டே அதற்கு 523 என்று பெயர். 1969ல் அம்மையார் அதில் ஒரு குழுவுக்குத் தலைவராக்கப்பட்டார். பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டினார். ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் கோ ஹோங் என்பவர் எழுதிய நூலில், ஒரு மூலிகையை நீரில் நனைத்துப் பிழிந்து குடிக்குமாறு கூறியிருந்ததைக் கண்டார். காய்ச்சுமாறு கூறாமல் பிழியுமாறு கூறியது ஏன்? சூடு அதன் சத்தைக் கெடுத்துவிடும் போலும் என்று ஊகித்து, ஈதரைக் கொண்டு குறைந்த சூட்டில் சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4ந் தேதி 191ஆம் மாதிரி சுண்டெலியின் மலேரியாவை முற்றிலும் ஒழித்தது.

அதன் பின் அவர் செய்தது நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. 1972ல், நோயாளிகளுக்குக் கொடுக்குமுன், அவரும் உடன் வேலை செய்த இருவரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து தாங்களே அதனை உட்கொண்டார்கள். தங்களுக்குக் கேடில்லை என்று கண்ட பின்னரே ஹைனான் தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டாக்டர் பட்டமோ வெளிநாட்டுப் படிப்போ இல்லாதவர் அவர்.

யுத்தத்துக்காகத் திட்டம் போட்ட சர்க்கார், முதலில் நீயே குடித்துப் பார் என்று கட்டளையிட்டதாக நாம் அறியோம். அதை அவர்களே முன்வந்து செய்தார்கள். ஸ்தாபனத்தின் நோக்கம் ஒன்றாயிருக்க, அதனுள் இருந்து வேலை செய்த மனிதரின் நெஞ்சம் வேறொன்றாயிருக்கலாம் என்பது இதனால் விளங்குகிறது. ஸ்தாபனத்துக்கு இலாப நட்டம் உண்டு, வெற்றி தோல்வி உண்டு. மனச்சாட்சி என்பது மனிதனுக்கே உரியது. படைக்காகப் போட்ட பணத்தைக் கொண்டு ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கும் பயன்படும் மருந்தை ஒருவர் காணலாம். ரப்பருக்காகப் போட்ட பணத்தைக் கொண்டு ஒரு லயத்துக் குழந்தையை ஒருவர் காக்கலாம்.

வாட்சனின் நெஞ்சத்தை அளக்க நம்மிடம் கோல் இல்லை. ஆனால் அவர் செய்த இரண்டு காரியங்கள் முதலாளியின் கணக்கில் அடங்குவன அல்ல. ஒன்று, தோல்வியை மறையாமல் எழுதியது. முதலாளிக்கு வேண்டியது வெற்றிச் செய்தி; மலைத்தோட்டத்தில் காடு வெட்டியதால் காய்ச்சல் பெருகியது என்ற செய்தியால் அன்றைக்கு யாருக்கும் பங்கு விலை உயராது. மற்றொன்று, உண்மையை எண்ணி எழுதியது. தாமே கண்ட குழந்தைகளைத் தம் கையாலேயே தொட்டு எண்ணினார். அக்குழந்தைகள் அவருக்கு அளவுகோலாக இருந்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், எண்ணப்படாதவன் இறந்தால் அது செய்தியுமாகாது, குற்றமுமாகாது. எண்ணப்பட்டவன் இறந்தால் ஏன் என்று கேட்க ஓர் இடம் ஏற்படுகிறது. ஆயிரத்துக்கு இத்தனை சாவு என்று எழுத்தில் ஏறிய பின்னர், முதலாளி அதைக் கண்டு இலாபத்தை எண்ணினார்; சர்க்கார் அதைக் கண்டு சட்டத்தை எண்ணியது. ஒரே எண்ணிலிருந்து இரண்டும் பிறந்தன.

இவ்விடத்தில் தோட்டத்துக் கிராணிமார்களாகிய எங்கள் வகுப்பாரை நோக்கி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். நாமும் ஆதாயத்தை நோக்கமாகக் கொண்ட ஸ்தாபனத்துக்குள்ளேயே இருந்து பிழைக்கிறவர்கள். துரை இருந்த நாற்காலியில் இன்று மானேஜர் இருக்கிறார். ரப்பர் இருந்த நிலத்தில் செம்பனை இருக்கிறது. நம்மவர்கள் இருந்த லயத்தில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். பெரட்டுக்குப் போகாதவனுக்கு நாட்கூலி இல்லை என்ற விதி இன்னும் பல இடங்களில் இருக்கத்தான் செய்கிறது. காய்ச்சல் கண்டவன் ஒருவன் சம்பளம் போகுமே என்று அஞ்சி நோயைச் சொல்லாமல் வெளிக்காட்டுக்குப் போகிறான். சொன்னவனையும் சில இடங்களில் "வரவில்லை" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். "நோய்" என்று எழுதினால் ஆஸ்பத்திரிச் செலவு வரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அயல்நாட்டாருக்குக் கட்டணமும் அதிகம். மாத அறிக்கையிலும் கேள்வி வரும். ஒரு சொல்லை மாற்றி எழுதுவதால் இவ்வளவும் மிச்சமாகிறது.

இது சிறு காரியமென்று எண்ணவேண்டாம். 2018 முதல் இந்நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. இது பெருமைக்குரியதே. ஆனால் குரங்கின் உடம்பில் வாழும் நோலெசி என்னும் மலேரியா, காட்டோரத்தில் வேலை செய்கிறவர்களைக் கொசுவின் வழியே வந்து பற்றுகிறது. சரவாக் கப்பிட் பகுதியில் இதனைப் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவர் துணைவர்களும் ஆராய்ந்து 2004ல் உலகுக்கு அறிவித்தார்கள். இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இதற்கு ஆளாகிறார்கள். தோட்டத் தொழிலாளிகள் அவர்களில் கணிசமானோர். இக்கிருமி இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது. தூ யூயூ அம்மையார் கண்ட மருந்தின் வழிவந்த மாத்திரைகளே இதற்கும் கொடுக்கப்படுகின்றன. உரிய காலத்தில் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான். இரண்டு நாள் "வரவில்லை" என்று எழுதிவிட்டு மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடினால் மருந்து இருந்தும் பயனில்லாமற் போகலாம். அப்போது அவனைக் கொன்றது கொசுவா, பேரேடா?

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அது 2019ல் திருத்தப்பட்டு விரிவாக்கப்பட்டது. அதே 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோவின் வேலைவிபத்துப் பாதுகாப்பு கிடைக்கிறது. இவையெல்லாம் ஆதாயத்தின் கையிலிருந்த நன்மையைப் பிடுங்கி உரிமையின் கையில் வைக்க எடுத்த முயற்சிகள். அத்திசையே சரியான திசை என்பது நம் துணிபு. விலை ஏறினால் தருவேன், விலை இறங்கினால் எடுத்துக்கொள்வேன் என்பது நன்மையாயிருக்கலாம், அது நீதியாகாது. விலை இறங்கிய நாளிலும் எவன் அதனைக் கேட்டுப் பெற முடிகிறதோ, அவனுக்கே அது உரிமை. ஆனால் சட்டமும் எழுத்தைக் கொண்டே நடப்பது. செக்ரோலில் இல்லாத நோயைச் சட்டம் காணாது.

நம் பாட்டனார் ஒருவரின் வயிற்றை என்றோ ஒரு நாள் ஒரு வைத்தியர் தொட்டுப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதினார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவனின் நோக்கம் எதுவாயினும் ஆகுக. அவ்வெழுத்துக்கு நாம் பட்ட கடனை இலண்டனுக்குச் சென்று செலுத்த வேண்டுவதில்லை. அங்கே அவரும் இப்போது இல்லை. நாளைக் காலைப் பெரட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒருவனின் பெயருக்கு நேரே, அவன் எந்நாட்டவனாயினும், எம்மொழியினனாயினும், உள்ளதை உள்ளபடி எழுதுவோமானால் அக்கடன் தீரும்.